சுரங்கத்தில் தீ: எங்கே தொடங்கும், எப்படித் தடுப்பது, பற்றிக்கொண்டால் என்ன செய்வது

கன்வேயர் பெல்ட் ஓடும்போது பிடிக்காத தீ, அது நின்று அரைமணி கழித்துப் பிடிக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பேரிங் போன ரோலர் ஒன்று சுற்றாமல் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். மேலே ஓடும் பெல்ட் அதை உரசி உரசிச் சூடாக்குகிறது. ஆனால் பெல்ட்டின் எந்தப் பகுதியும் அந்த ரோலர்மேல் ஒரு நொடிகூட நிற்பதில்லை என்பதால் ரப்பருக்குச் சூடேற நேரம் கிடைப்பதில்லை. ஷிப்ட் முடிந்து பெல்ட்டை நிறுத்தியதும், கொதிக்கிற இரும்பின்மேல் ரப்பர் ஒரே இடத்தில் படுத்துக்கொள்கிறது. ஆட்களோ டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

பல வருடங்கள் இந்தத் துறையில் சுற்றியதில் எனக்குப் பட்டது இதுதான்: சுரங்கங்களில் தீயணைப்புக் கருவிகள் பெரும்பாலும் இருக்கின்றன. சுத்தம் செய்யாத ஒரு குவியல், பொருந்தாத ஒரு கப்ளிங், யாருக்கும் சொல்லப்படாத ஒரு கருகல் வாசனை, இவைதான் ஆளைக் கொல்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் கருவிப் பட்டியலைவிட அன்றாட வேலைகளுக்கே அதிக இடம். பாதுகாப்பு அலுவலர், ஃபோர்மேன், ஓவர்மேன், மைனிங் சர்தார், ஒப்பந்தத் தொழிலாளி, யார் படித்தாலும் அடுத்த ஷிப்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதல் வேலை: நடந்து பாருங்கள்

தீ அபாய மதிப்பீடு என்றதும் பலர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கட்டம் போட ஆரம்பிக்கிறார்கள். அதைப் பிறகு போடலாம். முதலில் சுரங்கத்தின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வேலை நடக்கும் இடங்களை எல்லாம் பகலில் ஒருமுறையும் இரவு ஷிப்டில் ஒருமுறையும் நடந்து பாருங்கள். எரியக்கூடியது எதைப் பார்த்தாலும் சிவப்புப் புள்ளி வையுங்கள்: கரி, ரப்பர், டீசல், ஹைட்ராலிக் ஆயில், கேபிள், மரம், கிரீஸ் துணி. சூடாகக்கூடியதற்கு நீலப் புள்ளி: மோட்டார், பிரேக், புல்லி, டர்போசார்ஜர், மின்சாரப் பெட்டி, வெல்டிங் நடக்கும் இடம். இரண்டு நிறமும் ஒட்டி நிற்கும் இடங்கள்தான் உங்கள் பட்டியல். பெரிய சுரங்கத்திலும் அப்படிப்பட்ட இடங்கள் முப்பது நாற்பதுக்குமேல் போகாது.

“எங்களுடையது கரிச் சுரங்கம் இல்லையே, பாறையில் என்ன எரியப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன்ஷைன் சுரங்கத்திலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அது வெள்ளிச் சுரங்கம். 1972 மே 2 அன்று அங்கே பற்றிய தீயில் 91 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. 1986 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் கின்ராஸ் தங்கச் சுரங்கத்தில் வெல்டிங் வேலையின்போது பிடித்த தீ, சுவரில் பூசியிருந்த பாலியூரிதேன் நுரைக்குப் பரவியது. நச்சுப் புகையில் 177 பேர் போனார்கள். பாறை எரியாதுதான். பாறைக்குள் நாம் கொண்டுபோய் வைப்பதெல்லாம் எரியும்.

தானாகச் சூடேறும் கரி

கிராமத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டுவிட்டு நாலு நாள் கழித்து உள்ளே கை விட்டால் சுடும். கரியில் சூடு பிறக்கும் விதம் வேறு, உள்ளேயே தேங்கிப் பெருகும் விதம் அதேதான். கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல மெல்ல வேதிவினை புரிகிறது. அதில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு வெளியேறிவிட்டால் பிரச்சினை இல்லை. வெளியேற வழியில்லாமல் குவியலின் நடுவில் மாட்டிக்கொண்டால் வினை வேகமெடுக்கிறது. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே பார்த்தால் கருப்பாக, அமைதியாக இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பது உவமையாகத்தான் நமக்குப் பழக்கம். கரிக் குவியலில் அது அப்படியே நடக்கிறது.

எல்லாக் கரியும் ஒன்றுபோல் இல்லை. நெய்வேலியில் வெட்டுகிற பழுப்பு நிலக்கரி இந்த விஷயத்தில் மிகவும் மோசமான ரகம். வெட்டும்போது எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். காயும்போது விரிசல் விட்டுப் பொடியாகி, காற்று புகப் புதுப்புதுப் பரப்பைக் கொடுக்கும். ‘ஈரமாகத்தானே இருக்கிறது’ என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். காய்ந்த குவியல்மேல் மழை பெய்தாலும் ஆபத்து உண்டு: உலர்ந்த கரி தண்ணீரை உறிஞ்சும்போதே கொஞ்சம் சூடு வெளிப்படும். கோடை முடிந்து முதல் மழை வந்த வாரத்தில் ஸ்டாக் யார்டை இரண்டு மடங்கு கவனியுங்கள்.

குவியல் போடுவதில் நடக்கும் பெரிய தவறு, உயரத்திலிருந்து அப்படியே கொட்டுவது. கொட்டும்போது பெரிய கட்டிகள் சரிவில் உருண்டு அடிவாரத்தில் சேரும், பொடி மேலே தங்கும். அடியில் கட்டிகளுக்கு நடுவே காற்று தாராளமாகப் புகுந்து, புகைபோக்கியில் ஏறுவதுபோல் உள்ளே ஏறும். தீ பிடிக்க இதைவிட நல்ல அமைப்பு யாரும் கட்டித்தர முடியாது. மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் டோசர் ஓட்டி இறுக்கி, பக்கங்களைச் சாய்வாக விட்டு அவற்றையும் இறுக்குங்கள். காற்று அடிக்கும் பக்கத்துச் சரிவுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். மூலையில் ஆறு மாதமாக யாரும் தொடாத ஒரு மேடு இருந்தால், உங்கள் அடுத்த தீ அங்கேதான்.

கண்டுபிடிக்க இன்றும் நான் நம்புவது இரும்புக் கம்பியை. கூர் வைத்த நீளக் கம்பியைக் குவியலில் ஆழமாகக் குத்திப் பத்து நிமிடம் விடுங்கள். உருவி, முனைக்குக் கிட்டே புறங்கையைக் காட்டிப் பார்த்து, பிறகு மெல்லத் தொடுங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. அன்றே தோண்டிப் பரப்பியாக வேண்டும். வெப்பமானி உள்ள குழாய்கள் புதைத்திருந்தால் இன்னும் நல்லது. இன்று காட்டும் அளவோடு நிறுத்தாமல், நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு ஏறியது என்று எழுதிவையுங்கள். வெப்பப்படக் கேமரா இருந்தால் விடியற்காலையில், சூரியன் ஏறுவதற்கு முன் எடுங்கள். பத்து மணிக்கு எடுத்தால் குவியல் முழுக்கச் சிவப்பாகத்தான் தெரியும். கேமரா மேற்பரப்பைத்தான் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேமரா இல்லாதவர்களுக்குக் கண்ணும் மூக்கும் போதும். பனி விழுந்த காலையில் ஒரே இடத்திலிருந்து மட்டும் ஆவி எழும். மழை நின்றபின் குவியல் முழுவதும் நனைந்திருக்க ஒரு திட்டு மட்டும் காய்ந்துகிடக்கும். மண்ணெண்ணெய் போல ஒரு வாடை வரும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் தோண்ட வேண்டியதுதான்.

நிலத்தடிச் சுரங்கத்தில் குவியலைத் தொட்டுப் பார்க்க முடியாது. காற்றைத்தான் கேட்க வேண்டும். முதலில் தலைகாட்டுவது கார்பன் மோனாக்சைடு. அதன் அளவை, குறைந்துபோன ஆக்சிஜனோடு ஒப்பிட்டு நூறால் பெருக்கிச் சொல்வது கிரஹாம் விகிதம். 0.5 வரை பெரும்பாலும் கவலையில்லை. 1 என்றால் எங்கோ சூடேறுகிறது. 2 என்றால் நிலைமை மோசம். 3 என்றால் உள்ளே எரிகிறது. சில நிலக்கரிப் படிவங்களில் இயல்பான அளவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் உங்கள் சுரங்கத்தின் வழக்கமான எண் எது என்று அமைதியான நாட்களிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்க்கண்டின் ஜரியா போதும். 1916இல் முதலில் கண்ட தீ, நூறு வருடம் தாண்டியும் பூமிக்குள் எரிந்துகொண்டிருக்கிறது.

கன்வேயர் பெல்ட்

1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் கிரெஸ்வெல் சுரங்கத்தில், கரி ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு விழும் இடத்தில் கிழிந்த பெல்ட், கரியை இறக்கிவிடும் சரிவுத் தொட்டிக்குள் (சூட் என்பார்கள்) சிக்கி உரசித் தீப்பிடித்தது. 80 பேர் இறந்தார்கள். தீயைத் தாங்கும் பெல்ட்டுகள் பிரிட்டிஷ் சுரங்கங்களுக்குள் வந்தது இதற்குப் பிறகுதான். இந்தியாவில் நிலத்தடிக்கான பெல்ட்டுக்கு ஐஎஸ் 3181 தரம் இருக்கிறது. வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்டு வாங்கிய பிறகும் ‘இது எரியாத பெல்ட்’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது சுலபத்தில் பற்றாது, தானாகப் பரவாது என்பதுதான் கணக்கு. அடியில் ஒரு மூட்டை கரிப்பொடி எரிந்துகொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து எரியும்.

எனவே முதல் எதிரி சிந்திய பொடி. காலிப் பெல்ட் திரும்பி வரும் அடிப்பக்கத்து ரோலர்கள் (ரிட்டர்ன் ரோலர்கள்) தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் பொடி குவிந்து அவற்றை மூடிவிடும். பொடிக்குள் புதைந்த ரோலர் ஒரு அடுப்பு மாதிரி: சூடு உண்டாக்குகிறது, விறகும் தானே சுமக்கிறது. ரோலருக்கும் பொடிக்கும் நடுவே எப்போதும் இடைவெளி தெரிய வேண்டும். மண்வெட்டியால் வாரலாம், தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். காற்றுக் குழாய் வைத்து மட்டும் ஊதாதீர்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 50 கிராம் கரிப்பொடி கலந்தாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். 1906இல் பிரான்ஸின் கூரியேரில் 1,099 பேரையும், 1965இல் நம் தன்பாத் அருகே டோரியில் 268 பேரையும் கொன்றது கரிப்பொடி வெடிப்புத்தான்.

அடுத்தது ரோலர் பார்ப்பது. பெல்ட் ஓடும்போது பக்கவாட்டு நடைபாதையில் மெதுவாக நடந்தபடி காது கொடுங்கள். நல்ல ரோலர் முணுமுணுக்கும். போகப்போகிற ரோலர் கிறீச்சிடும். போய்விட்ட ரோலர் சத்தமே போடாது. அந்த மௌனத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். சுற்றாத ரோலரின் வெளி இரும்பைப் பெல்ட் ஒரே பக்கமாகத் தேய்த்துத் தேய்த்துக் கத்திபோல் மெல்லிசாக்கிவிடும். சில நாளில் பெல்ட்டையே கிழிக்கும். சாக்பீஸால் குறியிட்டுவிட்டு வந்தால் போதாது. அடுத்த ஷிப்டில் அதே குறி அங்கேயே இருந்தால் யாரிடம் கேட்பது என்று முன்பே முடிவுசெய்து வையுங்கள்.

பெல்ட் நின்ற அரைமணிக்குள் ஒருவர் முழு நீளமும் நடந்து பார்க்க வேண்டும். நான் எழுதுவதில் ஒன்றே ஒன்றைத்தான் நடைமுறைப்படுத்துவீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். கையில் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் மூக்கே போதும்.

கருவிகள் பக்கம் வந்தால், டிரைவ் புல்லி சுற்ற பெல்ட் வழுக்கினால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச், பெல்ட் ஓரம் சாய்ந்தால் நிறுத்தும் ஸ்விட்ச், நடைபாதை நெடுக இழுக்கும் கயிறு ஆகிய மூன்றும் வேலை செய்கின்றனவா என்று நிஜமாகவே இழுத்துச் சோதியுங்கள். சாய்வு ஸ்விட்சைக் கம்பியால் கட்டிவைத்திருப்பதை நான் பார்க்காத சுரங்கம் குறைவு. ‘அடிக்கடி நிற்குது சார்’ என்பார்கள். அடிக்கடி நின்றால் பெல்ட் நேராக ஓடவில்லை என்று அர்த்தம். ஸ்விட்ச் தன் வேலையைத்தான் செய்கிறது. டிரைவ் இருக்கும் இடம், கரி இடம் மாறும் இடம், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு ஆகிய மூன்று இடத்திலும் சூட்டை உணரும் கேபிளும் தானாகத் திறக்கும் தண்ணீர்த் தெளிப்பானும் இருக்க வேண்டும். தெளிப்பான் திறந்தால் பெல்ட் தானாக நிற்க வேண்டும். இல்லையென்றால் எரியும் துண்டு தண்ணீரைத் தாண்டி அடுத்த பெல்ட்டுக்குக் கரி மாறும் டவருக்குப் போய்விடும்.

டம்பர், ஷவல், டயர்

பெரிய வண்டிகளில் தீ எப்படிப் பிடிக்கிறது என்பது ஏறக்குறைய எப்போதும் ஒரே கதை. 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளை விழுகிறது. ஆயில் பனித்துளி போலச் சிதறி, 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் டர்போசார்ஜர்மேல் படுகிறது. அதற்குப் பொறிகூடத் தேவையில்லை. ஆகவே ஹோஸ்கள் உரசும் இடங்கள், டர்போவைச் சுற்றிய வெப்பத் தடுப்பு உறை, என்ஜின் அறையில் சேரும் எண்ணெய் அழுக்கு, இந்த மூன்றும் தினசரிச் சோதனையில் வர வேண்டும். சர்வீஸுக்காகக் கழற்றிய வெப்ப உறையைத் திரும்ப மாட்டாமல் விடுவது சகஜம். வண்டியை வெளியே விடும்முன் அதைக் கேளுங்கள்.

கனரக வண்டிகளில் தானாகத் தீயை உணர்ந்து அணைக்கும் அமைப்பு வேண்டும் என்று தன்பாத்திலிருந்து இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் வலியுறுத்துகிறது. அமைப்பு இருக்கட்டும், ஆபரேட்டருக்கு வரிசை மனப்பாடமாக வேண்டும்: வண்டியை நிறுத்து, பார்க்கிங் பிரேக் போடு, என்ஜினை அணை, தீயணைப்புப் பொத்தானை அழுத்து, ரேடியோவில் சொல், தீ இல்லாத பக்கத்து ஏணியில் இறங்கு. என்ஜினை அணைக்காமல் அணைப்பானை இயக்கினால், ஹைட்ராலிக் பம்ப் தீக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும். என்ஜின் விசிறி, தீயணைக்கும் தூளை ஊதித் தள்ளிவிடும். மேலேயிருந்து குதிக்கும் பழக்கமும் கூடாது. டம்பரின் கேபின் ஒரு மாடி உயரத்துக்குமேல் இருக்கிறது.

டயர் தனிப் பேச்சு. பிரேக் சூடு, ரிம்மில் வெல்டிங், மேலே செல்லும் மின்கம்பியைத் தொடுவது, இவற்றில் ஏதாவது ஒன்றில் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து வாயு சேரும். வெளியே புகை தெரியாமலே பல மணி நேரம் கழித்து வெடிக்கலாம். அந்த வெடிப்பு ஆளையும் ரிம்மையும் தூக்கி எறியும் அளவுக்கு இருக்கும். சந்தேகம் வந்தால் 300 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 24 மணி நேரம் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். ‘கிட்டப் போய் ஒருதரம் பார்த்துட்டு வந்திடறேன்’ என்று கிளம்புகிறவரைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கட்டும்.

வெடிமருந்து வேனிலோ அம்மோனியம் நைட்ரேட் கிடங்கிலோ தீ வெடிமருந்தைத் தொட்டுவிட்டது என்றால் அணைக்க முயலவே வேண்டாம். ஆளை விலக்குங்கள்.

வெல்டிங், கேஸ் கட்டிங்

ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் பார்த்தது. கிரஷருக்குக் கீழே ரப்பர் தகடு ஒட்டிய சரிவுத் தொட்டி ஒன்றில் தேய்ந்த தட்டை மாற்றினார்கள். வெல்டிங்குக்கான எழுத்து அனுமதி (பெர்மிட்) இருந்தது, தீயணைப்பான் இருந்தது, ஒருவர் தண்ணீர் வாளியோடு நின்றார். வேலை முடிந்தது நாலரைக்கு. ஐந்து மணிக்கு ஷிப்ட் மாற்றம், எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ஏழு மணிக்கு வாட்ச்மேன் வந்து, ‘ஐயா, கிரஷர்கிட்ட டயர் எரியற வாடை வருது’ என்றார். கட்டரின் பொறி ரப்பர் தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்த இடுக்கில் விழுந்து, இரண்டரை மணி நேரம் வெளியே தெரியாமல் கனன்றிருக்கிறது. பெல்ட் அறுபது மீட்டர் போயிற்று. ஆளுக்குச் சேதம் இல்லை. மறுநாள் சாம்பலைக் கிளறியபோது வாளி அங்கேயே இருந்தது, உள்ளே பீடித் துண்டுகள்.

அதனால் பெர்மிட்டில் கையெழுத்து வாங்குவதோடு விடாதீர்கள். வெட்டும் இடத்தைச் சுற்றி 11 மீட்டருக்குள் எரியக்கூடியதை அகற்றுங்கள்; அகற்ற முடியாததை நனைத்து, தீயைத் தாங்கும் போர்வையால் மூடுங்கள். கீழ்த்தளத்தைக் கட்டாயம் பாருங்கள், பொறி கீழேதான் போகும். வேலை முடிந்ததும் குறைந்தது ஒரு மணி நேரம் காவல் நிற்க ஒருவரை ஒதுக்குங்கள். ரப்பரும் கரியும் உள்ள இடத்தில் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஷிப்ட் மாற்றத்துக்குச் சற்று முன் முடியும்படி வெல்டிங் வேலையை வைக்காதீர்கள். காவல் நிற்பவர் பஸ்ஸைப் பிடிக்கத்தான் நினைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நிலத்தடிக் கரிச் சுரங்கத்தில் இதற்கெல்லாம் முன்பு மீத்தேன் அளக்க வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும். நம் விதிகளில் 1.25 சதவீதத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

தண்ணீர் உண்மையில் வருகிறதா?

2006 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியாவில் அரகோமா ஆல்மா சுரங்கத்தில் நேராக ஓடாத பெல்ட் உரசித் தீப்பிடித்தது. அணைக்க ஓடியவர்கள் ஹோஸை எடுத்தார்கள். அதன் மரை குழாயின் வாயில் பொருந்தவில்லை. வால்வைத் திறந்தார்கள், தண்ணீர் வரவில்லை. காற்றைப் பிரிக்க இருந்திருக்க வேண்டிய சுவர் ஒன்று அகற்றப்பட்டிருந்ததால் புகை தப்பிக்கும் வழிக்கே வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் பத்துப் பேர் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை.

2014 பிப்ரவரி 9 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், ஹேசல்வுட் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் புதர்த்தீயின் கங்குகள் பறந்து வந்து விழுந்தன. வெட்டி முடித்துக் கைவிட்ட சரிவுகளில் கரி மூடப்படாமல் கிடந்தது. அங்கே முன்பிருந்த தண்ணீர்க் குழாய்களும் எடுக்கப்பட்டுவிட்டன. மின்சாரம் போனதில் பம்புகளும் நின்றன. 45 நாள் எரிந்தது. பக்கத்திலேயே இருக்கும் மோர்வெல் ஊர் புகையில் மூழ்கியது. திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரியோடு வேலை செய்கிற யாரும் இந்த விசாரணை அறிக்கையின் பாடத்தைத் தவறவிடக் கூடாது: வெட்டி முடித்த இடம் முடிந்த இடம் அல்ல. மண் போட்டு மூடும்வரை அங்கேயும் குழாய் வேண்டும்.

ஆகவே மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். பம்பிலிருந்து மிகத் தொலைவிலும் உயரத்திலும் இருக்கும் ஹைட்ரன்ட்டுக்குப் போங்கள். அலமாரியிலிருந்து ஹோஸை எடுத்து நீங்களே பொருத்துங்கள், திறந்துவிடுங்கள், நாஸிலில் எவ்வளவு தூரம் பீய்ச்சுகிறது என்று பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டீசல் பம்ப் தானாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். உள்ளூர் தீயணைப்பு நிலையத்து வண்டியை வருடம் ஒருமுறை உள்ளே வரவழைத்து, அவர்களுடைய 63 மில்லிமீட்டர் கப்ளிங் உங்கள் ஹைட்ரன்ட்டில் உட்காருகிறதா, அவர்கள் வண்டி உங்கள் சாய்வுப் பாதையில் இறங்குமா என்றும் சோதியுங்கள். ஒரு டீ செலவில் முடிகிற வேலை. சுரங்கத்தில் வெளியேற்றும் நீரைத் தீயணைப்புக்கும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் வடிகட்டிகளில் சேறு அடைத்திருக்கும். வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

ஆள் வெளியே வருவது

சுரங்கத் தீயில் சாகிறவர்களை நெருப்பு அல்ல, கார்பன் மோனாக்சைடுதான் பெரும்பாலும் கொல்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்குமேல் ஆசையாக ஒட்டிக்கொள்ளும், நிறமில்லை, வாசனையில்லை. 1,200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு) என்பது உயிருக்கு உடனடி ஆபத்து. 2014 மே மாதம் துருக்கியின் சோமா சுரங்கத்தில் இறந்த 301 பேரில் பெரும்பாலானோர் இதனால்தான் இறந்தார்கள்.

புகையில் மூச்சுவிட உதவ இடுப்பில் கட்டியிருக்கும் சுய மீட்புக் கருவியை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழக வேண்டும். பயிற்சியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: கருவி வேலை செய்யும்போது வாய்க்கு வரும் காற்று சூடாக இருக்கும், தொண்டை காயும். தெரியாதவர்கள் ‘இது கெட்டுப்போச்சு’ என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள். சூடாக வந்தால் அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வடிகட்டி வகைக் கருவிகள் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உதவாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

வெளியேறும் வழி இரண்டு வேண்டும், அவற்றில் ஒன்றாவது பெல்ட் இல்லாத, சுத்தமான காற்று உள்ளே வருகிற பாதையாக இருக்க வேண்டும். கைப்பிடிக் கயிறு கட்டுங்கள். புகையில் ஒரு அடி தூரம்கூடத் தெரியாது. காலாண்டுக்கு ஒருமுறை புகைக்குள் இருப்பதுபோல் பார்வையை மறைக்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடக்கவிடுங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். கருவி தாங்கும் நேரத்தைவிட அதிகமானால் வழியில் மாற்றுக் கருவிகள் வைக்க வேண்டும். சுரங்கத்துக்குக் காற்றோட்டம் தரும் முக்கிய விசிறியைப் பதற்றத்தில் யாரும் நிறுத்தவோ திருப்பவோ கூடாது. நிறுத்தினால் மீத்தேன் சேரும், திருப்பினால் புகை ஆட்களைத் தேடிப் போகும். அந்த முடிவு யாருடையது என்று பெயர் குறித்து எழுதிவையுங்கள்.

வாசனை வந்தால் யாரிடம் சொல்வது? இதற்கு ஒரே ஒரு எண் இருக்கட்டும், எல்லா ஹெல்மெட்டிலும் ஒட்டியிருக்கட்டும். அந்த எண்ணை எடுப்பவர் ‘யார் பேசறது, எந்த காண்ட்ராக்ட்’ என்று விசாரிக்காமல் ‘எந்த இடம், ஆள் இருக்காங்களா’ என்று மட்டும் கேட்க வேண்டும். பொய்யான எச்சரிக்கை கொடுத்ததற்காக ஒருவரைத் திட்டிவிட்டால், அடுத்த ஆறு மாதம் யாரும் உங்களுக்குப் போன் செய்யமாட்டார்கள்.

அணைக்கும்போதும் அணைந்தபின்பும்

தனி ஆள் போகக் கூடாது. சுத்தமான காற்று வரும் பக்கத்திலிருந்துதான் நெருங்க வேண்டும். முதல் சில நிமிடங்களில் கைக்கு அடங்கவில்லை என்றால் பின்வாங்குங்கள். மின்சாதனத்தின்மேல் தண்ணீர் வேண்டாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடோ உலர் தூளோ பயன்படுத்துங்கள். எரியும் கரிமேல் குழாயை நேராகப் பாய்ச்சினால் பொடி மேகமாக எழும்பும், தெளிப்பாக அடியுங்கள். மிக அதிகச் சூட்டிலுள்ள கரியில் தண்ணீர் ஆழமாக இறங்கினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். மூடிய இடத்தில் அது வெடிக்கும்.

கரிக் குவியலில் பற்றினால் மேலே ஏறி நிற்காதீர்கள். உள்ளே எரிந்து கூடாகியிருக்கும், மேல் ஓடு மட்டும் திடமாகத் தெரியும், டோசரையே விழுங்கியிருக்கிறது. ஓரத்திலிருந்து தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, திறந்த தரையில் மெல்லப் பரப்பி, நனைத்து ஆறவிட வேண்டும். சூடு ஆறாத கரியை அவசரத்தில் பெல்ட்டில் ஏற்றி அனுப்புவது தீயைப் பார்சல் கட்டி அனுப்புவது மாதிரி.

அணைந்துவிட்டது என்று சொல்வதற்கு ஒரு அளவுகோல் வையுங்கள். பெல்ட் என்றால் எரிந்த பகுதியைப் பிரித்து, சரிவுத் தொட்டியின் இடுக்குகளைக் கம்பியால் கிளறி, அடுத்த இரண்டு ஷிப்டுகளுக்கு அங்கேயே ஒரு ஆள். குவியல் என்றால் ஒரு வாரத்துக்குத் தினமும் கம்பி குத்தி வெப்பம் எழுதுங்கள். பயன்படுத்திய அணைப்பான்களை அன்றே நிரப்ப அனுப்பி, அந்த இடத்தில் வேறொன்றை வையுங்கள். பிறகு அறிக்கை எழுதும்போது, தீ எத்தனை மணிக்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கு மேலே ஒரு வரி சேருங்கள்: முதல் வாசனையை யார் எத்தனை மணிக்கு உணர்ந்தார், அவர் யாரிடம் சொன்னார். அந்த இரண்டு நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுங்கள்.